கவிழ்த்து வைக்கத் தெரிந்தவள்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் கடைசி வரிசையில் ஐந்து பேர் உட்காரலாம். நாங்கள் ஆறு பேர் உட்காருவோம். ஆறாவது ஆள் நான். பாதி உடம்பு இருக்கையிலும் மீதி நடைபாதையிலுமாக, எதிரே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவேன். முன்னால் பாதி பஸ் காலியாக இருக்கும். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஏம்மா, இங்க இவ்ளோ எடம் கீது, அங்க இன்னா பொட்டலமா குடுக்கறாங்க?" என்று கேட்பார். கடைசி வரிசையில்தான் சீட்டாட்டம்.

நடு இருக்கை அந்த அக்காவுடையது. மடியில் சாப்பாட்டுப் பை, பையின் மேல் பழைய காலண்டர் அட்டை, அட்டையின் மேல் சீட்டு. கம்பெனி அடையாள அட்டையில் அக்காவுக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் எல்லோருக்கும் அக்கா. அவள் இல்லாதபோது 'பேக்கு'.

பெயர் வந்த கதை ஆட்டத்திலிருந்துதான். நாங்கள் ஆடியது மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்தது ஆட்டினோ டைமண்டோ, ஒரே பூவில் அடுத்தடுத்த மூன்று சீட்டு. அதற்கும் கீழே மற்றவை. பந்தயத்துக்குக் காசு கிடையாது, ஹேர்பின். எங்கள் கம்பெனியில் காருக்குள் போகும் வயர்க் கட்டுகளைச் செய்கிறோம். உள்ளே போகும்போது தலைக்குத் தொப்பி போட்டு நாலு பக்கமும் பின் குத்த வேண்டும் என்பதால் எல்லோரிடமும் ஒரு டப்பா நிறைய ஹேர்பின் இருக்கும். எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், அளவே கிடையாது. பின் தீர்ந்துவிட்டால் வாயால் சொல்லி வைக்கலாம்: புதன்கிழமை கேன்டீன் முட்டை, ஒரு வாரத்துக்கு ஜன்னலோரம், தண்ணீர் பாட்டில் நிரப்பும் வேலை. எதிராளி வைத்ததற்குச் சமமாக வைத்தால் ஆட்டத்தில் இருக்கலாம். முடியாது என்றால் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்குத்தான் 'பேக்' என்று பெயர். விலகியவள் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை.

அக்கா அடிக்கடி பேக் சொல்லுவாள். அதுவும் நல்ல சீட்டோடு சொல்கிறாள் என்று எங்களுக்குச் சந்தேகம். இந்தப் பக்கத்துப் பேச்சில் பேக்கு என்றால் விவரமில்லாத ஆள் என்றும் அர்த்தம் உண்டு. இரண்டையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தவள் ரீட்டா.

ரீட்டா தென்னேரிப் பக்கத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற அதே குரலில் பஸ்ஸில் கத்துவாள். கையில் எதுவுமே இல்லாமல் இருபது பின்னை எடுத்து வைக்கும் தைரியம் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அக்காவும் ரீட்டாவும் மட்டும் கடைசிவரை நின்றார்கள். ரீட்டா பின் டப்பாவையே பந்தயமாகக் கவிழ்த்தாள். அக்கா தன் சீட்டை ஒருமுறை பார்த்தாள். ரீட்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேக். ரீட்டா எகிறிக் குதித்துத் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு, நாலு, ஒன்பது. மூன்றும் மூன்று பூ. ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

"பாத்தியாக்கா? ஒண்ணுமே இல்ல! ஏமாந்தியா!"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் சிரித்தாள். ஒப்புக்கு இல்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எப்டிடி மூஞ்ச அப்டியே வெச்சுகினே? இன்னொரு வாட்டி காட்டு" என்று ரீட்டாவின் தாடையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். தோற்றவள் ஜெயித்தவளை அப்படி ரசித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. "உங்க கையில என்னக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கவுத்துட்டேனே. அது எதுக்கு இப்போ?"

இதுதான் அவள். கவிழ்த்த சீட்டைப் பிறகு திருப்பிப் பார்க்கவே மாட்டாள். எதிராளியிடம் என்ன இருந்தது என்றும் கேட்க மாட்டாள். அவர்களாகக் காட்டினால் பார்ப்பாள், அவ்வளவுதான். நான் கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் ஊரிலிருந்து வந்தவள். வாலாஜாபாத்தில் இரண்டு பெண்களோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி சொன்ன ஒரு சொல்லை இன்றைக்கும் எடுத்து வைத்துப் பேசுவார்கள். எனக்கு இந்த அக்காவைப் புரியவே இல்லை.

சீட்டில் மட்டுமில்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். பஸ்ஸில் அவளுடைய இடம் முதலில் நடு இருக்கை இல்லையாம், ஜன்னலோரமாம். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து உட்கார்ந்த இடம். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றிருக்கிறாள். ரீட்டா சண்டைக்குப் போய்விட்டாள். எல்லா நியாயமும் அக்கா பக்கம். அக்கா சண்டை போடாமல் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "அவளுக்கு வாந்தி வருமாட்டம் கீதுடி, மூஞ்சிய பாரு" என்று மட்டும் சொன்னாளாம். தென்னேரி தாண்டுவதற்குள் அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். ரீட்டா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "உட்டுக் குடுக்கலன்னா எங்க மேல எடுத்திருப்பா" என்று முடிப்பாள்.

ஆனால் எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. ஒருமுறை ஸ்டோர்ஸில் ஒரு பெட்டி கனெக்டர் குறைந்தது. அக்கா சரியாகத்தான் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஸ்டோர்ஸ்காரர் எல்லோர் முன்னாலும் அவளைக் கத்தினார். நாங்கள் நாலு பேர் சாட்சி சொல்லத் தயாராக நின்றோம். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி சார், இன்னொரு வாட்டி தேடிப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்று மாலை பஸ்ஸில் ரீட்டா ஆடவில்லை.

"நீ பொறுமைசாலின்னு நெனச்சேன். நீ பயந்தாங்கொள்ளிக்கா."

அக்கா சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னாள். "அந்தாளு கை நடுங்கிகினு இருந்துச்சு, பாத்தியா? வேற எதோ கீது அவருக்கு. இப்போ இன்னா சொன்னாலும் ஏறாது."

மறுநாள் அவரே வந்து பெட்டி கிடைத்துவிட்டது என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் எனக்குள் ரீட்டாவின் சொல் தங்கிவிட்டது. இது பொறுமையா, பயமா? அக்காவைப் பிடிக்கும், ஆனால் நம்பி ஒரு சண்டைக்கு இவளைக் கூட்டிப்போக முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. கார் ஓட்ட வேண்டும். வாலாஜாபாத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, விடியற்காலை ஐந்தரை மணி வகுப்பை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏற வருவாள். அவள் வீட்டுக்காரர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். "காரே இல்லாத வூட்டுக்கு டிரைவர் எதுக்கு?" என்று கேட்டாராம். "கார் வந்தப்பறம் தேடினா டிரைவர் கெடைக்க மாட்டாங்க" என்று சொன்னாளாம். எங்களிடம் சொன்ன காரணம் வேறு.

"எட்டு வருசமா வயரு சுத்தறேன். இது எங்க போயி எதை எரிய வெக்குதுன்னு ஒரு நாளு சாவி போட்டுப் பாக்கணும்டி."

பழகுவதற்கான எல்.எல்.ஆர். வாங்கியிருந்தாள். அது ஆறு மாதம்தான் செல்லும். அது முடிவதற்கு முந்தின நாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஆர்.டி.ஓ. ஆபீசில் அவளுக்கு டெஸ்ட். அதைத் தவறவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

அதே வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் அம்மன் கொடைத் திருவிழா. இரண்டு வருஷமாக நான் போகவில்லை. அந்த வருஷம் என் தங்கை முதல் தடவையாக முளைப்பாரி எடுக்கிறாள். "நீ வரலன்னா நான் எடுக்க மாட்டேம்" என்று போனில் அழுதிருந்தாள்.

ஏற்றுமதிக்கு அவசரமாக லோடு போக வேண்டியிருந்த வாரம். சூப்பர்வைசர், அக்காவும் நானும் வேலை பார்க்கும் ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு லீவுதான் என்று சொல்லிவிட்டார். "ரெண்டு பேருமே கேக்கறீங்க. நீங்களே பேசி ஒரு பேரு குடுங்க."

நாங்கள் இரண்டு நாள் பேசினோம். அக்கா தன் டெஸ்ட்டைச் சொன்னாள், நான் என் தங்கையைச் சொன்னேன். இரண்டும் சரியாகவே இருந்தது. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ரீட்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"பேசிகினே இருந்தா வெள்ளிக்கிழம வந்துடும். சீட்டப் போடு. ஒரே ஆட்டம். ஜெயிச்சவ போவா."

அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னா ஊர்க்காரி, சம்மதமா?"

"சம்மதந்தான்க்கா" என்றேன்.

ரீட்டாவே கலைத்து எங்கள் இருவருக்கும் மூன்று மூன்று சீட்டு போட்டாள். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஏழு. இன்னொரு ஏழு. மூன்றாவதைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதுவும் ஏழு. அந்த பஸ்ஸில் மூன்றும் ஒரே எண்ணாக வந்து நான் பார்த்தது அதற்கு முன் இரண்டே தடவை. என் காதுக்குள் பஸ் சத்தம் நின்றுபோனது.

அக்கா பத்து பின் வைத்தாள். நானும் பத்து வைத்து, மேலே பத்து வைத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. தன் டப்பாவை அப்படியே அட்டையில் கவிழ்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது, மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. நானும் என் டப்பாவைக் கவிழ்த்தேன். கணக்குச் சரியாகிவிட்டது. அங்கேயே சீட்டைத் திருப்பியிருக்கலாம். திருப்பியிருந்தால் ஜெயித்திருப்பேன், லீவும் எனக்குத்தான். ஆனால் கையில் மூன்று ஏழு இருந்தது. அது சும்மா இருக்க விடவில்லை.

"இன்னும் வைக்கேன்" என்றேன்.

"இன்னாத்த வெப்ப? அதான் பின்னு தீந்துச்சே" என்றாள் ரீட்டா.

"இந்த வருசம் முச்சூடும் வர்ற லீவு. நம்ம ஸ்டேஷனுக்கு எப்பம் ஒரு லீவு வந்தாலும், ஜெயிச்சவளுக்குத்தான் முதல் உரிமை. அவ வேண்டாம்னாத்தான் மத்தவளுக்கு."

ரீட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் சந்தோஷம் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. கோபமில்லை. வேலையில் ஒரு வயர்க் கட்டை விளக்குக்கு எதிரே பிடித்துச் சோதிப்பாளே, அந்த முகம் வந்தது. தன் சீட்டை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். என் முகத்தை, என் கையை, மறுபடி முகத்தை. தென்னேரி வந்தது. ஏரிக்கரை முழுவதும் போனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எச்சில் விழுங்கப் பயமாக இருந்தது.

"நல்லா யோசிச்சுத்தான சொல்ற?" என்றாள்.

தலையாட்டினேன்.

மூன்று சீட்டையும் ஒன்றாகச் சேர்த்தாள். கவிழ்த்தாள். கட்டின் அடியில் சொருகினாள்.

"பேக்கு. போயி தங்கச்சிய பாத்துட்டு வா."

ரீட்டா கத்தினாள், மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் பின்களை அள்ளினேன். அவசரத்தில் பாதி கீழே சிந்திவிட்டது. அக்கா குனிந்து பொறுக்கி என் டப்பாவில் போட்டாள்.

மதியம் கேன்டீனில் ரீட்டா தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். குரல் இறங்கியிருந்தது. அவள் குரல் இறங்கி அன்றுதான் கேட்டேன்.

"அக்கா சொருகறப்ப வேகத்தடையில வண்டி ஏறுச்சுல்ல? சீட்டு நழுவுச்சு. நான் பாத்துட்டேன்."

"என்ன வச்சிருந்தாங்க?"

"ஆட்டின் ஏஸ், ராஜா, ராணி. மூணும் ஆட்டின். அத வெச்சுகினு யாராவது கவுப்பாங்களாடி? உனக்காகத்தான் உட்டுட்டா."

சாம்பார் சாதத்தை அப்படியே வைத்துவிட்டேன். அந்தச் சீட்டை ஜெயிக்க வேண்டுமென்றால் மூன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், வேறு எதுவும் ஜெயிக்காது. நூறு பேரில் நூறு பேரும் அதோடு கடைசிவரை போவார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டுக் கழுவும் இடத்தில் நின்ற அக்காவிடம் போனேன்.

"லீவ நீங்களே எடுத்துக்கிடுங்கக்கா. எனக்கு வேண்டாம். நீங்க விட்டுக்கொடுத்து நான் போவ மாட்டேன்."

அக்கா குழாயை மூடினாள். "யாருடி உட்டுக்குடுத்தது?"

"ரீட்டா உங்க சீட்ட பாத்துட்டா. ஆட்டின் ஏஸ், ராஜா, ராணி."

"அவ கண்ணுல கொள்ளி வெக்க" என்று சிரித்தாள். அப்புறம் என்னைத் தள்ளி நிறுத்திப் பார்த்தாள். "உன் கையில மூணும் ஒண்ணுதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எத்தினி? எட்டா?"

"ஏழு."

"ஏழா!" என்றாள். பதக்கம் வாங்கினவள் மாதிரி முகம் மலர்ந்தது. "தெனம் அந்த ஏரி வந்தா நீ இன்னா சொல்லுவ? 'எங்க ஊர்ல இம்புட்டுத் தண்ணிய பாக்கவே முடியாதுக்கா'ன்னு சொல்லுவ. மழ பேஞ்சாலும் சொல்லுவ, காஞ்சாலும் சொல்லுவ. ரெண்டு வருசமா ஒரு நாளுகூட உடல. இன்னிக்கு ஏரி வந்துச்சு, போச்சு. நீ வாயே தொறக்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப எனக்காக இல்லையா?"

"உனக்காகவா! எனுக்கு அந்த லீவு வேணும்டி. நல்லா வேணும். அதுக்குத்தான் டப்பாவோட கவுத்தேன். நீ வருசத்தையே தூக்கி வெச்ச பாரு, அங்கதான் நின்னேன். ஒரு வெள்ளிக்கெழம போனா இன்னொரு வெள்ளிக்கெழம வரும். வருசமே போனா எங்க போயி வண்டி ஓட்டறது?" ஈரக் கையை என் தோளில் துடைத்தாள். "எல்லாரும் அவங்கவங்க சீட்டையே பாத்துகினு கீறாங்க. ரொம்ப நல்லா கீதுன்னா இன்னும் அதிகமா பாக்கறாங்க. எதிர்ல குந்திகினு இருக்கறவள எவ பாக்கறா?"

நான் ஊருக்குப் போனேன். தங்கை முளைப்பாரியைத் தலையில் வைத்து நிமிர்ந்தபோது பக்கத்தில் நின்றேன். அந்த வெள்ளிக்கிழமை அக்கா வயர் சுற்றினாள். மறுநாள் அவளுடைய எல்.எல்.ஆர். செல்லாமல் போனது. கருப்பட்டி மிட்டாய் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன். பாதியை அவளே தின்றாள்.

அவள் பயந்தாங்கொள்ளி இல்லை என்று அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. புதிதாக எல்.எல்.ஆர். போட்டு டெஸ்ட்டுக்குப் போனாள். முதல் தடவை வண்டி நடுவிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் தடவை நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே பின்னால் எடுக்கும்போது ஒன்றை இடித்தாள். மூன்றாம் தடவை இரண்டை இடித்தாள். "ஏம்மா, உனக்கு அலுக்கவே இல்லியா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

ரீட்டாவுக்கு இது அதிசயமாக இருந்தது. "ராஜா ராணிய வெச்சுகினு கவுத்தவ நீ. இதுல உன் கையில ஒண்ணுமே இல்ல, தெரியுதுல்ல? இத கவுக்க மாட்டியா?"

"இதுல எதிர்ல யாருடி கீறாங்க? வெறும் கம்பி. கம்பி கையில இன்னா இருக்கப்போவுது?" என்றாள் அக்கா.

இதற்கு நடுவில்தான் லைன் லீடர் வேலை வந்தது. அக்காவை விட்டால் ஆளில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னார். அக்கா ஒருநாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். லீடர் என்றால் ஷிப்ட் மாறி மாறி வரும், காலை வகுப்புக்குப் போக முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். "அந்தச் சேர்ல குந்தினா அப்பால நான் எழுந்துக்க மாட்டேன். எனுக்கு என்னைய தெரியும்."

அந்த இடத்துக்கு ரீட்டா போய் நின்றாள். ரிப்போர்ட் இங்கிலீஷில் எழுத வேண்டும். அவளுக்கு ஒரு வரி வராது. வரும் என்று சொல்லிவிட்டாள். அதே முகத்தோடுதான் சொல்லியிருப்பாள். வேலை கிடைத்த பிறகு மூன்று மாதம் பஸ்ஸில் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரு நோட்டை வைத்து எழுதிப் பழகினாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முந்திரி உருண்டை ஊட்டிவிட்டாள். ரீட்டா இப்போது சூப்பர்வைசர். நன்றாகவே செய்கிறாள், கத்துவதும் குறையவில்லை.

நாலாவது தடவை அக்கா பாஸ் பண்ணினாள். திங்கட்கிழமை காலை பஸ் ஏறியவள் பின்னால் வரவே இல்லை. டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஒரகடம் வரைக்கும் அவர் கால் என்ன செய்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். டிரைவர் தவித்துப்போனார். "தாயே, நீ பின்னாடியே போயி ஆடிக்கோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். நாலு மாதத்தில் அக்கா வேலையை விட்டாள். பத்து வருஷ வேலை, நிரந்தர வேலை. எல்லோரும் திட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டப் போய்விட்டாள்.

கடைசியாக அவளைப் பார்த்தது போன வருஷம். எனக்கு அப்போது ஓசூரில் எங்கள் கம்பெனியின் புதுக் கிளைக்குப் போக அழைப்பு வந்திருந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சம்பளமும் கூட. ஆனால் ஒரகடத்தில் எனக்கு இருந்த இடமும் சாதாரணமில்லை. இங்கேயே இருந்தால் இரண்டு வருஷத்தில் ரீட்டாவின் நாற்காலிக்கு வரலாம். கையெழுத்துப் போட இன்னும் இரண்டு நாள் இருந்தது. மாலையில் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது மஞ்சள் வேன் ஒன்று வந்து நின்றது.

"இன்னா ஊர்க்காரி! ஏறு!"

புடவை மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். உள்ளே பிள்ளைகள் ஒரே கூச்சல். எல்லாவற்றையும் அவள் காதில் கத்திச் சொன்னேன். அங்கே என்ன, இங்கே என்ன, அம்மா என்ன சொல்கிறாள், ரீட்டா என்ன சொல்கிறாள். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே "உம்" கொட்டினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. போகவா, இருக்கவா?"

"அது உன் சீட்டுடி. நான் எதுக்கு எட்டிப் பாக்கறேன்?"

"பரவால்ல, பாருங்க. நான்தான் காட்டுதேன்ல?"

"பாத்துட்டா அப்பால உன்கூட எப்டி ஆடறது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பின்னால் ஒரு பெண் குழந்தை இன்னொருத்தியின் ரிப்பனைப் பிடித்து இழுத்து அழவைத்துவிட்டது. அக்கா வேனை ஓரம் கட்டி, இறங்கிப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தாள். வாலாஜாபாத் வரைக்கும் இரண்டு பேரும் என்னை மாறி மாறி உதைத்துக்கொண்டே வந்தார்கள்.

நான் ஓசூர் வந்துவிட்டேன். வேலை பிடித்திருக்கிறது. வந்தது சரிதானா என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது யோசிக்கிறேன். என் இடத்துக்கு யார் வந்தார்கள், அவளுக்கு என்ன கிடைத்தது என்று ரீட்டாவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். கேட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறேன். அக்காவோடு நாலு வருஷம் ஒரே பஸ்ஸில் போனவள் நான். கவிழ்த்த சீட்டைத் திருப்பிப் பார்க்காத அவள் பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை.